மூக்கு வளைவு

பட்டறையில் அவனுக்குச் சீவல் என்று பெயர். கடல் அலைமேல் நின்று சறுக்கும் பலகைகளை இழைப்பது அவன் வேலை. காலையில் கறுத்த ஆளாக உள்ளே போவான். மதியம் தலை, புருவம், காதுமடல் என்று எல்லா இடத்திலும் வெள்ளைத் தூள் அப்பி, கிழவனாக வெளியே வருவான். வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் "நேரம் வரல" என்பான். நேரம் என்னவோ பஸ் மாதிரி தானாக வந்து வாசலில் நின்று ஹாரன் அடிக்கும் என்ற நினைப்பு.

அவன் இழைத்துத் தந்ததன்மேல் ஃபைபர் துணி போர்த்தி, பிசின் ஊற்றி, கெட்டிப்படுத்துகிறவள் பக்கத்து அறையில் இருந்தாள். ஒரு சொட்டுப் பிசினை வீணாக விடமாட்டாள். கிண்ணத்தின் அடியை வழித்து வழித்து எடுப்பாள். அதனால் அவளுக்குப் பிசினாரி என்று பெயர் வைத்தது சீவலின் அக்கா. பட்டறையும் அக்காவுடையது, பெயர் வைக்கும் உரிமையும் அக்காவுடையது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "தாராளக்காரின்னு வெச்சிருந்தா இந்நேரம் உங்க ரெசின் டப்பா காலியாகியிருக்கும் அக்கா" என்றாள்.

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். மனசில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைப்பாள். பூசி மெழுகத் தெரியாது. தொழில் என்னவோ நாள் முழுக்கப் பூசி மெழுகுவதுதான். சீவல் நேர்மாறு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம்.

ஒன்பது வருஷம் இந்த இரண்டு பேரும் நடுவில் ஒரு சுவரை வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். அவளை அவனுக்குப் பிடிக்கும். எவ்வளவு பிடிக்கும் என்றால், அவள் லீவு போட்ட நாளில் இழைத்த பலகையை மறுநாள் அவனே எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னத்த இழைச்சிருக்கேன்" என்று மறுபடி இழைப்பான். அக்காவுக்கு இது தெரியும். வெளியே பலகை வாடகைக்கு எடுக்க வருகிறவர்களுக்குக்கூடத் தெரியும். தெரியாத மாதிரி நடமாடியது அவன் ஒருவன்தான்.

அன்று காலை சரக்கு லாரி ஓட்டுகிற ஒருவர் வந்தார். நல்ல ஆகிருதி; கடை வாசலே சின்னதாகத் தெரிந்தது. போனில் ஒரு படத்தைக் காட்டி, இதே மாதிரி ஒன்று வேண்டும் என்றார். கத்திபோல ஒல்லியாக, மேல்நோக்கி வளைந்த கூர்மூக்கோடு ஒரு பலகை.

"அண்ணே, இதுல நீங்க ஏறினா பலகை தரையில நிக்கும். நீங்க அதுமேல கழுத்தளவு தண்ணில நிப்பீங்க" என்றாள் அக்கா.

சத்தம் கேட்டுச் சீவல் வெளியே வந்தான். பலகை விஷயம் என்றால் மட்டும் அவனுக்கு வாய் வரும்.

"இந்தப் பலகைமேல தப்பில்லண்ணே. இது வேற அலைக்கு. செங்குத்தா எழும்பற அலையில மேலேருந்து கீழ இறங்கும்போது மூக்கு தண்ணில குத்திடக் கூடாதுன்னு இப்படி வளைச்சிருக்காங்க. நம்ம அலை சாது. மெல்ல வந்து மெல்லச் சரியும். அதுல வேகம் எடுக்கணும்னா பலகை அகலமா, தட்டையா, கொஞ்சம் தடிப்பா இருக்கணும். வளைஞ்ச மூக்க வெச்சுக்கிட்டு இங்க போனா, அது தண்ணியத் தள்ளிக்கிட்டே கெடக்கும். அலை உங்களத் தாண்டிப் போயிடும்."

"பாக்க அழகா இருக்கே தம்பி."

"ஆசைப்படற அலைக்குப் பலகை கேக்காதீங்கண்ணே. இருக்கிற அலைக்குக் கேளுங்க."

லாரிக்காரர் நல்ல மனுஷர். சிரித்துவிட்டு, அகலமாகவே ஒன்று சொல்லிவிட்டுப் போனார். பிசினாரி கையுறையைக் கழற்றியபடி கதவில் சாய்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ஒரு பலகை வேணும்" என்றாள்.

"எந்த அலைக்கு?"

"இங்க இல்லாத அலைக்கு."

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். கடல் தாண்டி ஓர் ஊரில் பெரிய பலகைத் தொழிற்சாலை. அங்கே பிசின் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. பேசி முடித்தாயிற்று, விசா வந்தாயிற்று, அடுத்த மாதம் கிளம்ப வேண்டும். அக்கா வாயைப் பிளந்தாள்.

"அம்மா இருந்தவரைக்கும் எங்கயும் நகர முடியல அக்கா. படுக்கையில கெடந்தவங்கள விட்டுட்டு எங்க போறது? இப்ப அவங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க. என்னைப் பிடிச்சு வைக்க இங்க யாரு இருக்கா?"

கேட்டது அக்காவிடம். பார்த்தது சீவலை. தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தாள் என்றுகூடச் சொல்லலாம். அவன் கையிலிருந்த இழைப்புளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எத்தனை அடி வேணும்?" என்றான்.

கேட்டானே ஒரு கேள்வி! அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

பிசினாரி போனை எடுத்து, அந்தக் கரையின் அலையைக் காட்டினாள். கடல் சும்மா கிடக்கிறது. திடீரென்று தரையிலிருந்து சுவர் எழுந்த மாதிரி தண்ணீர் நிற்கிறது. அதன் உச்சி உடைந்து முன்னால் விழ, உள்ளே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கும் அளவுக்குக் குகை. அந்தக் குகைக்குள்ளிருந்து சின்னதாக ஒரு உருவம் வெளியே வந்தது. படத்தை நிறுத்திய பிறகும் அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருஷக்கணக்கா இதப் படத்துலயே பாத்துக்கிட்டிருக்கேன். ஊரார் அலைக்கெல்லாம் பிசின் ஊத்திக் குடுத்தாச்சு. ஒரே ஒரு தடவையாவது இதுல இறங்கிப் பாத்துடணும்."

அந்தக் குரலில் இருந்த ஏக்கம் சீவலுக்குப் புரிந்தது. அதே நோய்தான் அவனுக்கும். அலை மட்டும் வேறு.

அன்று சாயங்காலம் அக்கா அவனைத் தனியாகப் பிடித்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட ஏதாவது சொல்லணுமாடா உனக்கு?"

"என்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்ல. தூளத் தட்டிட்டுச் சாப்பிட வா, கல்லுளிமங்கா."

இழைக்கிற அறையின் சுவர்களுக்குக் கருநீலம் அடித்திருக்கும். இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்தில் ட்யூப் லைட். மேலே விளக்கு கிடையாது. பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில்தான் பலகையின் மேடும் பள்ளமும் நிழலாகத் தெரியும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் அவன் உண்டு, பலகை உண்டு. இழைத்துப் பலகையாக்குகிற ஃபோம் கட்டிகளில் நல்ல வளைவுள்ளதாகப் பார்த்து அக்கா இரண்டு வரவழைத்திருந்தாள். ஒன்று உடைந்தால் ஒன்று.

அவள் சொன்ன நீளத்தையும் அகலத்தையும் வரைந்தான், அறுத்தான். அதில் நூல் பிசகவில்லை. ஆனால் பலகை என்பது நீளமும் அகலமும் மட்டும் இல்லை. மூக்கு எவ்வளவு நிமிர வேண்டும், விளிம்பு எவ்வளவு மெலிய வேண்டும் என்பதற்கெல்லாம் அவன் அளவுகோல் வைத்ததே கிடையாது. உள்ளங்கையைப் போட்டுத் தடவிப் பார்ப்பான். கை சொல்கிற இடத்தில் நிறுத்துவான்.

கை அன்று வேறெங்கோ இருந்தது. விடுமுறை நாள் காலைகளில் அவள் கடலுக்குப் போவாள். ஃபின் சரியாக இறுகியிருக்கிறதா பார்க்கிறேன் என்று சாக்கு சொல்லிக்கொண்டு அவனும் போய், அவளுடைய துண்டையும் செருப்பையும் காவல் காத்தபடி மணலில் உட்கார்ந்திருப்பான். ஃபின் என்பது பலகையின் அடியில் மீன் துடுப்புபோல நிற்பது. அதை இறுக்க ஒரு நிமிஷம் ஆகும். அவன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். அவள் அந்தச் சாது அலையில் ஏறி, பள்ளிக்கூடம் பார்வையிட வந்த அதிகாரி மாதிரி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, அவனை நோக்கி மெல்ல மெல்ல வருவாள். கரை வரைக்கும் சிரித்துக்கொண்டே வருவாள். இனி அந்தக் காலைகள் கிடையாது. அதை நினைத்துக்கொண்டே இழைத்தான், நடுவயிற்றில் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று.

பலகை பக்கத்து அறைக்குப் போயிற்று. அவன் தந்ததை அவள் ஒரு நாளும் சரிபார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை.

பிசின் வேலையில் ஒரு கெடுபிடி உண்டு. கெட்டியாக்கும் மருந்தை ஒரு தடவை கலந்துவிட்டால் அப்புறம் நின்று யோசிக்க முடியாது. அது தன் பாட்டுக்குச் சூடேறி இறுக ஆரம்பித்துவிடும். அதற்குள் துணி முழுக்கப் பரப்பி, குமிழி இல்லாமல் ரப்பர் தகட்டால் வழித்து, விளிம்பை மடித்து முடித்தாக வேண்டும். பட்டறையே தீப்பற்றினாலும் முடித்துவிட்டுத்தான் ஓட வேண்டும் என்பாள். அவள் நிற்கும் இடத்தில் தரையெல்லாம் சொட்டிச் சொட்டி உறைந்த பிசின், பல வண்ணத்தில் மேடு தட்டியிருக்கும்.

பலகையைக் குப்புறப் போட்டு அடிப்பக்கத்துக்குத்தான் முதலில் ஊற்றுவாள். வளைவுள்ள பலகையைக் கவிழ்த்தால் நடுப்பகுதி உயர்ந்து, மூக்கும் வாலும் தாழ்ந்து நிற்கும். ஊற்றிய பிசின், கூரையில் விழுந்த மழைத்தண்ணீர் மாதிரி இரண்டு பக்கமும் ஓடப் பார்க்கும். ஓடவிடாமல் பிடிப்பதுதான் வேலை. அன்று கலந்தாள், ஊற்றினாள், தகட்டோடு மூக்குப் பக்கம் தயாராக நின்றாள்.

பிசின் வரவில்லை. ஊற்றிய இடத்திலேயே குளம் கட்டி நின்றது.

"சீவல்!" என்று கத்தினாள். "முகமூடி போட்டுக்கிட்டு இங்க வாங்க. சீக்கிரம்."

அவன் முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடிவந்தான். அவள் தகட்டால் பிசினைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"பாருங்க. ஓடுதா?"

பார்த்தான். ஓடவில்லை.

"குனிஞ்சு மூக்கப் பாருங்க."

குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். மூக்கு கிட்டத்தட்டத் தட்டையாக இருந்தது. கட்டியோடு வந்த வளைவை, நடுவில் சீவிச் சீவி அவனே காலி பண்ணியிருந்தான். விளிம்பு தடித்து உருண்டிருந்தது. லாரிக்காரருக்குக் கொடுத்திருந்தால் கட்டிப்பிடித்து நன்றி சொல்லியிருப்பார்.

"இது இந்தக் கரைக்கு இழைச்ச பலகை" என்றாள்.

"தெரியாம..."

"உங்களுக்கா? தூக்கத்துல இழைச்சாலும் பிசகாத ஆளு நீங்க. தெரியாமன்னா யாரு நம்புவா? அந்த விளக்க இந்தப் பக்கம் திருப்புங்க, விளிம்பு தெரியல."

திருப்பினான். அவள் கை நிற்கவில்லை, நிறுத்த முடியாது.

"அங்க அடியில மணல் கெடையாது. பாறை. அந்த அலையில இந்த மூக்கோட இறங்கினா என்ன ஆகும்?"

"குத்தும்."

"குத்தினா?"

அவன் விளக்கை இன்னும் கொஞ்சம் திருப்பினான்.

"சொல்லுங்க. குத்தினா?"

"தூக்கி அடிக்கும். பாறைமேல." பக்கத்திலிருந்த டிரம்மைப் பிடித்துக்கொண்டான்.

"அது உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"நீங்க அங்க இறங்கற மாதிரியே எனக்குத் தோணல. இழைக்கும்போது நீங்க இங்கதான் இருந்தீங்க. கையப் பின்னாடி கட்டிக்கிட்டு வருவீங்களே, அப்படி வந்துக்கிட்டே இருந்தீங்க."

அவள் கை ஒரு கணம் நின்றது. பிசின் நிற்கவில்லை. மறுபடி வழித்தாள்.

"போகாதேன்னு சொல்றதுக்கு இதுவா வழி?"

"சொல்லத் தெரியல."

"ஒன்பது வருஷமாவா?" தகட்டை ஓங்கி உதறினாள், ஒரு சொட்டு அவன் சட்டையில் விழுந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பிசின் வீணானதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. "அம்மா போனப்புறம் எத்தனை நாள் சாயங்காலம் காலிக் கிண்ணத்த வழிச்சுக்கிட்டு இங்கயே நின்னிருப்பேன் தெரியுமா? அக்கா பாத்துப் பாத்துச் சிரிச்சாங்க. அதுல வழிக்க என்ன இருக்கு? நீ அந்தக் கதவத் தொறந்துட்டு வந்து ஏதாவது சொல்வேன்னுதான் நின்னேன்."

நீங்க என்பது நீ ஆகிவிட்டது. இருவருமே அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"இப்பச் சொல்றேன்" என்றான்.

"சொல்லு."

"போகாதே."

அவள் குனிந்து விளிம்பை மடித்துக்கொண்டிருந்தாள். பிசின் பாகு பதத்துக்கு வந்துவிட்டது. வால் பக்கம் ஒரு முழம் பாக்கி. அதை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கேக்க நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. ஆனா நான் போகணும். உன்னை விட்டுட்டுப் போகல, அந்த அலைக்குப் போறேன். ரெண்டும் ஒண்ணுதானேன்னு உனக்குத் தோணும். எனக்கு அப்படி இல்ல."

"நானும் வரட்டுமா?"

"அங்க இழைக்கிறது மெஷின். நீ அதுக்கு எண்ணெ போட்டுக்கிட்டு, பட்டன அமுக்கிக்கிட்டு நிக்கிறத என்னால பாக்க முடியாது. நீயும் ஒரு மாசம் தாங்கமாட்டே."

அது உண்மை. அவனுக்கே தெரிந்த உண்மை. அவள் தகட்டை வைத்துவிட்டு முகமூடியைக் கழற்றினாள். கன்னத்தில் வார் அழுந்திய சிவப்புத் தடம். கண் கலங்கியிருந்தது. "நெடி" என்றாள். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழியைப் பிசின்மேலேயே போட்டான்.

"இன்னொரு கட்டி இருக்குல்ல?"

"இருக்கு."

"நாளைக்கு எனக்குப் பலகை இழை" என்றாள்.

பட்டறைச் சுவர் மெல்லிசு. அக்கா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மறுநாள் காலை அவன் நீல அறைக்குள் போகும்போது டீ டம்ளரைக் கையில் கொடுத்தாள்.

"வாயத் தொறந்துட்டே. கொஞ்சம் லேட்டுத்தான். பரவால்ல." அவன் போக எத்தனித்ததும் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "டேய், இன்னொரு தடவ மூக்கு தட்டையா வந்துச்சு, உன்னை நானே தூக்கிக்கிட்டுப் போய்ப் பாறையில போடுவேன்."

இந்த முறை அவன் பிசினாரியை உள்ளே கூப்பிட்டான். இழைக்கும் அறைக்குள் அவன் யாரையும் விட்டதில்லை. தரையில் ஓர் அட்டையை விரித்து, அதன்மேல் நிற்கச் சொன்னான்.

"அந்த அலையோட உச்சியில இருக்கே. இறங்கப் போறே. எப்படி நிப்பே?"

அவள் முழங்காலை மடக்கி, முன்னால் சாய்ந்து நின்றாள். அவன் மண்டியிட்டு, அவள் இரண்டு பாதத்தையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டான். கணுக்காலில் கடுகு கடுகாகப் பிசின் ஒட்டிக் காய்ந்திருந்தது. இவ்வளவு கிட்டத்தில் அவன் அவளைப் பார்த்ததில்லை. எடை முன்காலில் எவ்வளவு விழுகிறது, பின்காலால் எவ்வளவு அழுத்துவாள், திரும்பும்போது முதலில் குதிகாலா விரலா என்றெல்லாம் கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கேட்க வேண்டியது தீர்ந்த பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. அவளும் காலை நகர்த்தவில்லை.

"கால் மரத்துப் போச்சு" என்றாள் கடைசியில்.

அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தான். அலை வாயைத் திறக்கிற இடத்தில் நிறுத்திப் பார்த்தான். அந்தச் சுவருக்கு ஏற்ற வளைவை மூக்குக்குக் கொடுத்தான். வாலை ஒடுக்கினான், செங்குத்துத் தண்ணீரில் பிடி நழுவாமல் இருக்க. ஒவ்வொரு இழைப்புக்கும் அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போவது தெரிந்தது. தெரிந்தே இழைத்தான்.

விளிம்புக்கு வந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. விளிம்பைத் துளியூண்டு தடிப்பாக விட்டால் உயிருக்கு ஒரு ஆபத்தும் கிடையாது. பலகை இறங்கும், குத்தாது; ஆனால் மந்தமாகத் திரும்பும். குகைக்குள் நுழையவேண்டிய நேரத்தில் ஒரு நொடி பிந்தும். நாலு தடவை பார்ப்பாள், பத்துத் தடவை பார்ப்பாள். நமக்கு இந்த அலை ஒத்துவரவில்லை என்று அலுத்துப்போய்த் திரும்பிவிடுவாள். யாருக்கும் தெரியாது. பிசினும் காட்டிக்கொடுக்காது. உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். அவள் வேண்டும் என்று அவனுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

அப்புறம் குனிந்து, அட்டையில் இருந்த அந்தக் கால் தடங்களைப் பார்த்தான். விளிம்பைச் சீவ ஆரம்பித்தான். எவ்வளவு மெலிய வேண்டுமோ அவ்வளவு மெலிந்தது. அவன் இழைத்ததிலேயே நல்ல பலகை அதுதான். சும்மா சொல்லக் கூடாது, பார்த்த கண்ணுக்கே அது நகர்கிற மாதிரி இருந்தது. அவள் அதற்கு இரண்டு மடிப்புத் துணி போட்டு, தன் கையாலேயே பிசின் ஊற்றினாள். விளிம்பைக் கட்டை விரலால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவிப் பார்த்துவிட்டு, அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

முதல் பலகையையும் அவள் பாதியில் விடவில்லை. மேல்பக்கமும் பூசி, தேய்த்து, பளபளவென்று ஆக்கி முன்னறையில் நிறுத்தினாள். யாராவது விலை கேட்டால் "அது வேற ஆளுக்கு" என்று அக்கா சொல்லிவிடுவாள்.

கிளம்பும் நாள் அக்காவின் வேனில் பலகையைப் போர்வை சுற்றி ஏற்றினார்கள். சீவல் அன்று வாய் ஓயவில்லை. சின்ன அலைக்கு இந்தச் சின்ன ஃபின், பெரிய அலைக்கு இந்தப் பெரிய ஃபின், மாற்றிப் போட்டுவிடாதே, வெயிலில் வைக்காதே, முதல் நாளே பெரியதில் இறங்காதே, ஓரமாக நின்று பாறை எங்கே இருக்கிறது என்று பார், ஃபின் திருகாணி தொலைந்தால் இதோ உபரி. பொட்டலமாகக் கட்டி அவள் கையில் திணித்தான்.

"வேற ஒண்ணும் இல்லையா?" என்றாள்.

"உடம்பப் பாத்துக்க."

அவள் அவன் தலையில் இருந்த தூளைத் தட்டிவிட்டாள். தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தது. அக்கா வண்டியைக் கிளப்பி, ஹாரன் அடித்தாள்.

அதன் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. புதிதாக ஒரு ஆளை வைத்தார்கள். நன்றாகத்தான் பூசினார், கிண்ணத்தில் பாதி மிச்சம் வைத்தார். சீவல் இழைத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்திவிட்டுக் காது கொடுப்பான். விடுமுறை நாள் காலைகளில் கடற்கரைக்குப் போய் உட்காருவான். காவல் காக்கத் துண்டும் இல்லை, செருப்பும் இல்லை. யார் யாரோ சாது அலையில் வந்து கரையேறினார்கள். அவளாக இருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு தலையையும் பார்த்தான். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் பார்த்தான்.

அவள் போன் பண்ணுவாள். வேலை, குளிர், தங்கியிருக்கும் அறையின் ஜன்னல் சாத்தாமல் மக்கர் பண்ணுவது என்று பேசுவாள். கடலைப் பற்றிச் சொல்லமாட்டாள். ஃபின் சரியாக இருக்கிறதா என்று கேட்பான், இருக்கிறது என்பாள். ஒரு நாள் மத்தியானம் படம் ஒன்று வந்தது. கூட வேலை பார்க்கிற பெண் கரையிலிருந்து எடுத்ததாம்.

அக்கா அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கடல் சும்மா கிடந்தது. அப்புறம் சுவர் எழுந்தது. உச்சியில் சின்னதாக அவள். அவன் அவளைப் பார்க்கவில்லை. பலகையின் மூக்கையே பார்த்தான். மூக்கு கீழே வந்தது, தண்ணீருக்கு நாலு விரல் மேலே அப்படியே சறுக்கிப் போயிற்று. அவள் பின்காலை அழுத்தினாள். பலகை சொன்ன பேச்சைக் கேட்டுச் சட்டென்று திரும்பிற்று. அலை அவளை மூடியது. ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் குகையின் வாயிலிருந்து நுரையோடு வெளியே வந்தாள். கையை உயர்த்திக் கத்தினாள். என்ன கத்தினாள் என்று கேட்கவில்லை.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அவன் நீல அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவளைக் கூப்பிட்டான்.

"பாத்தியா?" என்றாள். மூச்சு வாங்கியது. அப்போதுதான் கரையேறியிருக்கிறாள்.

"பாத்தேன். நல்லா இறங்கினே."

"பலகை இறங்குச்சு. நான் சும்மா நின்னேன்."

அவன் இந்தத் தடவை நேரம் என்கிற அந்த பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை.

"எனக்கு உன்னைப் பாக்கணும் போல இருக்கு" என்றான்.

"எனக்கும்தான்." உடனே சொன்னாள்.

"எப்ப வர்றே?"

"அலைக்கு சீசன் முடியட்டும், ஒரு மாசம் லீவு போட்டுட்டு வரலாம்னு நெனச்சேன். இங்க விசாரிச்சா சிரிக்கிறாங்க. சீசன்னு ஒண்ணு கெடையாதாம். வருஷம் பூரா இப்படித்தானாம்."

"ஓ" என்றான்.

"தினமும் காலையில எழுந்ததும், இன்னிக்கு டிக்கெட் போட்டுடணும்னு நெனைக்கிறேன். ஒரு தடவ இறங்கிட்டு வந்து போடலாம்னு போறேன். அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "பாவி, நீ இந்த விளிம்பக் கொஞ்சம் மோசமா இழைச்சிருக்கக் கூடாதா? இந்நேரம் அங்க வந்து சேர்ந்திருப்பேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்த பிறகும் யாரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அலை விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.